பெயர் போடாத சீட்டு

முன் சீட் வேண்டாம் மேடம். அங்கே கால்மாட்டில் இன்ஜின் சூடு ஏறும், ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் பாதம் வெந்துவிடும். இங்கே ஜன்னல் பக்கம் உட்காருங்கள். நான் இந்த ஓரத்தில் இருந்துகொள்கிறேன். ரயில் ஏற்றிவிட்டு வரச்சொல்லிப் பெரிய மேடம் என்னைத்தான் அனுப்பியிருக்கிறார். பிரின்சிபாலை நாங்கள் அப்படித்தான் சொல்வது. முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வேன் போடுகிற சத்தத்தில் டிரைவர் இசக்கியண்ணனுக்கு நாம் பேசுவது கேட்காது.

இன்றைக்குக் கூட்டம் நன்றாக இருந்தது மேடம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுகிற பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். நாற்பது டீச்சர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் உங்கள் கூட்டத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

நீங்கள் நடுவில் ஒன்று கேட்டீர்கள். "போன தடவை முன் வரிசையில ஒரு தமிழ் மிஸ் இருந்தாங்களே, மூச்சு விட்டா குக்கர் விசில் மாதிரி வருதுன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாங்களே, அவங்க எங்கே?" என்று. பெரிய மேடம்தான், "லீவ்ல இருக்காங்க" என்றார்.

அது லீவ் இல்லை மேடம். மங்கையர்க்கரசி மிஸ், நாங்கள் மங்கை மிஸ் என்போம், போன ஜூலையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். உங்கள் முதல் கூட்டம் முடிந்த மறுநாள். வருகிற திங்கட்கிழமை கரஸ்பாண்டென்ட் ஐயாவும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்து, ஜூனில் அவரைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மனநல ஆலோசனை சொல்கிறவர் நீங்கள், சொன்னால் எடுபடும். அதனால்தான் நான் வந்தேன். உண்மையில் இன்றைக்கு வேன் டியூட்டி ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் ரெஜிலா. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இங்கிலீஷ். இருபத்தேழு வயது. மூத்தவள் எல்.கே.ஜி., இங்கேதான். ஸ்டாஃப் பிள்ளை என்பதால் ஃபீஸ் கிடையாது. சின்னவன் ஒன்றேகால் வயது, வீட்டில் மாமியாரிடம் இருக்கிறான். வீட்டுக்காரர் ஓமனில் ஏசி மெக்கானிக். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தேன் மேடம். கேட்டால் ஒழியப் பேசாதே, பேசினால் பொய் பேசாதே, இரண்டுதான் சிஸ்டர்கள் சொல்லித்தந்தது. இன்று வரைக்கும் அந்த இரண்டையும் மீறவில்லை. இதில்கூட நான் பொய் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்து நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. காலை எட்டு இருபதுக்கு ஆபீஸில் போனைக் கொடுத்துவிட வேண்டும். அறை அறையாகப் பிரித்த ஒரு தட்டு இருக்கிறது, ஆளுக்கு ஒரு நம்பர். என் நம்பர் இருபத்து மூன்று. சாயங்காலம் நாலு இருபதுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். வகுப்பில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. முன்பு இருந்தது. கேமரா வைத்த பிறகு, யார் யார் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார்கள் என்று பார்த்துவிட்டு எல்லா நாற்காலியையும் எடுத்து ஆடிட்டோரியத்தில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலிகளில்தான். அப்புறம், வேலைக்குச் சேரும்போது எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். டிகிரி, பி.எட்., பத்தாவது மார்க் ஷீட் வரைக்கும். நடு வருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான். நான் குறை சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரம் என் சின்னவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. ஏழு மாதக் குழந்தை. மாமியார் பதினோரு தடவை எனக்குப் போன் அடித்திருக்கிறார். போன் தட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோயிருக்கிறார். நாலு இருபதுக்கு நான் போனை வாங்கிப் பார்க்கிறேன், பதினோரு மிஸ்டு கால். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிள்ளை மாமியார் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. மாமியார் கோபமாகக்கூட எதுவும் சொல்லவில்லை. "நீ வேலைக்குப் போறவ, என்ன செய்வ" என்றார். ஏசியிருந்தால்கூட நான் அழுது முடித்திருப்பேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தீர்கள். பெயர் போட வேண்டாம், மனசை அழுத்துகிற ஒன்றை எழுதி மடித்துப் பெட்டியில் போடுங்கள், யார் எழுதியது என்று யாரும் தேட மாட்டார்கள் என்றீர்கள். நாற்பத்தொரு சீட்டு. உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியைப் பெரிய மேடம் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன் மேடம். ரயில் யாருக்காகவும் நிற்காதே.

மறுநாள் இரண்டாவது பீரியடில் பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டார். கூட்டத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் வேண்டும், இன்ஸ்பெக்ஷனில் காட்ட. என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று இந்த மாதிரி வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். போனேன். பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. பெரிய மேடமே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன்.

எல்லாம் இங்கிலீஷில். வளாகத்துக்குள் இங்கிலீஷில்தான் பேச வேண்டும், எழுத வேண்டும், அது விதி. தமிழ் டீச்சர்களுக்கு மட்டும்தான் விலக்கு. 'எல்லாம் நன்றாக இருக்கிறது, நிர்வாகத்துக்கு நன்றி' என்று ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி. 'ஸ்டாஃப் ரூம் ஃபேன் சத்தம் போடுகிறது' என்று ஒருவர். 'பி.டி. சார் விசிலைக் குறைத்துக்கொண்டால் நல்லது' என்று ஒருவர். அதற்குப் பெரிய மேடம் சிரித்தார். நாலு சீட்டு வெறும் சீட்டு, ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் ஒன்றைப் பிரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார்.

"ரெஜிலா, இது தமிழ்ல இருக்கு. வாசி."

பெரிய மேடத்துக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். பஸ் போர்டு படிப்பார். ஆனால் கையெழுத்து படிக்க வராது. கையில் வாங்கினேன் மேடம். அது என் சீட்டு.

ஆமாம். நான் எழுதியதுதான். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரு வார்த்தை எழுதினேன், அதற்கு மேல் ஓடவில்லை. அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். நிற்காமல் வந்தது. நான் என்னவோ கடிதம் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன்.

அந்த இடத்தில் நான் மாற்றி வாசித்திருக்கலாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது. 'குடிதண்ணீர் சூடாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். எத்தனை தடவை யோசித்துவிட்டேன். ஆனால் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். யாராவது ஒருவர் காதில் விழட்டும் என்று இருந்ததோ என்னவோ.

"காலையில் போனைத் தட்டில் வைக்கும்போது கை நடுங்குகிறது. ஏழு பீரியடும் நின்று முடிக்கும்போது கால் என்னுடையது மாதிரி இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறேன். மேலே போய்க் கீழே பார்த்தால், பிடியை விட்டுவிட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை."

நான் வகுப்பில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தெய்வமே" என்றார். அப்புறம், "ஸ்கூல் பேரு என்னாகும்? பிள்ளைங்க முன்னால ஏதாவது ஆச்சுன்னா டிவிக்காரன் வந்து கேட்டுல நிப்பான். இது யாரு?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை மேடம். இதைக் கவனமாகக் கேளுங்கள். "தமிழ்ல எழுதியிருக்கு, மேடம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. தமிழில் எழுதியிருந்தது உண்மைதானே.

"இன்னொரு தமிழ் சார் நேத்து பரீட்சை டியூட்டிக்குப் போயிருந்தார். அப்ப மங்கையர்க்கரசியா?"

"இருக்கலாம், மேடம்."

இருக்கலாம் என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். பெரிய மேடம் எம்.ஏ. படித்தவர், அவருக்குத் தெரியாதா? நான் வெளியே வந்து ஆறாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். என்ன பாடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போது என் மனசில் என்ன ஓடியது என்றால், கூப்பிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார்கள், மங்கை மிஸ் 'நான் இல்லை' என்பார், சிரிப்பார், அதோடு விட்டுவிடுவார்கள். அவர் பத்தொன்பது வருஷ சர்வீஸ். தனி ஆள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாய் ஜாஸ்தி, யாருக்கும் பயப்பட மாட்டார். கரஸ்பாண்டென்ட் ஐயாவின் மகனுக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு என்ன ஆகிவிடும்? என்னைச் சொல்லியிருந்தால் என் கதை என்ன? அவருக்கு என்று பேச ஆள் இருக்கிறது, எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது பீரியட் முடிந்து மங்கை மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம். ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பி வந்தபோது நாங்கள் அஞ்சாறு பேர் நோட்டு திருத்திக்கொண்டிருந்தோம். அவர் முகம் கழுவின மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்தார், குடையை எடுத்தார்.

"பிள்ளைகளா, பத்தொன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் அந்த ரூம்ல என்னை உட்காரச் சொன்னாங்க" என்றார்.

யாருக்கும் சிரிக்கத் தெரியவில்லை. ஸ்டெல்லா மிஸ்தான், "எங்க மிஸ் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஓய்வெடுக்க. எனக்கு மனசு சரியில்லையாம். டாக்டர் லெட்டரோட வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் எட்டாவது 'பி'ய யாராவது பார்த்துக்கோங்க, அந்த கடைசி பெஞ்சு தனசேகரன் செய்யுள் ஒப்பிக்கலைன்னா விட்ராதீங்க."

ஆபீஸ் கிளார்க் பின்னாலேயே வந்து ஒரு பழுப்புக் கவரைக் கையில் கொடுத்தார். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அதில். அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள் மேடம். யாருக்குக் கிடைக்கும் அது? ஸ்டெல்லா மிஸ் வேறு வேலைக்குப் போக நாலு மாதமாகக் கேட்டு நடக்கிறாள், இன்னும் கிடைக்கவில்லை. மங்கை மிஸ்ஸுக்கு நடக்காமல், கேட்காமல், கையில் கொண்டுவந்து தந்தார்கள். மங்கை மிஸ் கவரைத் திறந்து பார்த்தார். மேலே இருந்தது அவருடைய பத்தாவது மார்க் ஷீட். "அட, இந்தப் பத்தாங்கிளாஸ் பிள்ளையை மறந்தே போயிட்டேன்" என்றார். கவரைக் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

நல்லதும் நடந்தது மேடம், இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் மாடி வராந்தாவுக்கு அந்த வாரமே இரும்பு வலை அடித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டையும் நான்தான் எழுதினேன். 'மன அழுத்தம் உள்ள ஓர் ஆசிரியர் கண்டறியப்பட்டு, உரிய ஓய்வு வழங்கப்பட்டது' என்று ஒரு வரி. உங்களுக்கும் ஒரு காப்பி வந்திருக்கும். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். பெரிய மேடம் அதை அசெம்பிளியில் வாசித்தார்.

ஆனால் மங்கை மிஸ் திரும்ப வரவில்லை. ஒரு டாக்டர் லெட்டர் கொண்டுவந்தார், இது செல்லாது, கவர்மென்ட் டாக்டர் வேண்டும் என்றார்கள். அதுவும் கொண்டுவந்தார். அதில் 'தற்போது' நலமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறது, அப்படியென்றால் முன்பு நலமில்லை என்றுதானே அர்த்தம், கமிட்டி பார்க்கட்டும் என்றார்கள். வேறு பள்ளிக்கூடம் கேட்டுப் போனால் அங்கேயிருந்து இங்கே போன் வருகிறது. 'உடம்பு கொஞ்சம் சரியில்லாதவங்க' என்று இங்கேயிருந்து சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பெற்றோர் யாரோ ஒருத்தர் கடைத்தெருவில் அவரைப் பார்த்துப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்களாம். ஸ்டெல்லா சொன்னாள். மங்கை மிஸ் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டாராம்.

ஜனவரியில் பொங்கல் லீவில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பேட்டைப் பக்கம், ஒரு வரிசையில் நாலு வீடு, அதில் கடைசி. போவதா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்துப் போனது. சின்னவனையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். பிள்ளை கையில் இருந்தால் யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள்.

மங்கை மிஸ் மெலிந்திருந்தார். தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு ரெஜி, இங்க கேமரா கிடையாது."

உட்கார்ந்தேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் அவர் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தான், விட்டுக்கொடுத்தார். காபி போட்டுத் தந்தார். பள்ளிக்கூடத்துப் பேச்செல்லாம் கேட்டார். தனசேகரன் ஒப்பிக்கிறானா, புது தமிழ் மிஸ் எப்படி, ஃபேன் மாற்றினார்களா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம்தான் கேட்டேன். கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்று வளர்ந்தவள், அன்றைக்கு நானாகக் கேட்டேன்.

"மிஸ், அன்னைக்கு பெரிய மேடம் ரூம்ல என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல. ஒரு சீட்டைக் கையில கொடுத்து, இது நீங்க எழுதினதான்னாங்க. வாங்கிப் படிச்சேன்."

"நீங்க எழுதினதா மிஸ்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கால் கொலுசைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் வெறுஞ்சீட்டைத்தான் மடிச்சுப் போட்டேன் ரெஜி. எழுத என்ன இருக்குன்னு. ஆனா அதைப் படிச்சதும் எனக்கு அழுகை வந்துட்டு. நிக்கிறது, படி ஏறுறது, எல்லாம் என்னோடதுதான். என் மனசுல கிடந்ததை யாரோ எழுதி வச்சிருக்காங்க. பெரிய மேடம் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. 'நல்லா இருக்கீங்களா மங்கை'ன்னு கேட்டாங்க. பத்தொன்பது வருஷத்துல அப்படி யாரும் கேக்கல. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல."

பார்த்தீர்களா மேடம்? அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. இருக்கலாம் என்று நான் சொன்னது பொய் இல்லை, அவரே சொல்லிவிட்டார், எல்லாம் தன்னோடதுதான் என்று. காபியை முழுக்கக் குடித்தேன். அதற்கப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒரே ஒரு வரிதான் என்னோடது இல்ல. போனை வைக்கும்போது கை நடுங்குதுன்னு இருந்துச்சே. எனக்கு யாரு போன் பண்ணப் போறா? சின்னப் பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்தவதான் அதை எழுதியிருப்பா. நான் இல்லைன்னு சொன்னா அடுத்து அவளைத் தேடுவாங்க. எனக்கு என்ன, ஒத்தை ஆளு. கொஞ்ச நாள் வீட்டுல இருந்தா இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன். இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல."

நான் காலி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவ யாருன்னு நான் கேக்க மாட்டேன். நல்லா இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். பிள்ளையை என்னிடம் கொடுத்தார். "பால் குடிச்சு ரொம்ப நேரம் ஆயிட்டு போல, பாரு, விரலைச் சப்புதான்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற டீச்சர்கள் மூன்று பேர் இருக்கிறோம் மேடம். நான், மாத்ஸ் எடுக்கிற ஜெபராணி மிஸ், யு.கே.ஜி.யில் ஒருத்தர். மூன்று பேரில் என்னைத்தான் நினைத்துச் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? நான் சும்மா பார்க்கப் போனவள். யாருக்காகச் செய்தாரோ, அது அவர் மனசுக்குத்தான் தெரியும். நானாக ஏன் என்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

பாலம் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் ஸ்டேஷன். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் நீங்கள் கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கு ஒரு போன் செய்தால் போதும் மேடம். அந்தச் சீட்டு மங்கையர்க்கரசி எழுதியது இல்லை என்று. யார் எழுதியது என்று கேட்டால், எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக நானே ஒரு மாதிரிச் சீட்டு எழுதிப் போட்டேன் என்று சொல்லுங்கள். உங்களுக்கு என்ன வந்துவிடும்? நீங்கள் வெளியூர்க்காரர், உங்களை யார் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்?

அது பொய்யாகிவிடும் என்கிறீர்களா? சரிதான். பொய்தான். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன்.

நானே போய்ச் சொல்லலாமே என்கிறீர்கள். நீங்கள் கூட வருகிறேன் என்றுகூடச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியும் மேடம், உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். நான் நாளைக்குக் காலை எட்டு இருபதுக்கு அங்கே நிற்க வேண்டும். என் பெரியவள் கீழே எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா மனசு சரியில்லாதவள் என்று ஒரு ஆயாம்மா சொன்னால்கூடப் போதும், அதற்கப்புறம் அந்தப் பிள்ளையை எல்லோரும் பார்க்கிற பார்வை மாறிவிடும். ஓமனில் அவருக்குத் தகவல் போகும். அவர் அம்மாவுக்குப் போகும். பிள்ளைகளை இவளிடம் விடலாமா என்று ஒரு பேச்சு வரும். வரும் மேடம். மங்கை மிஸ்ஸுக்கு வேலைதான் போனது. எனக்கு எது எது போகும் என்று எண்ணிப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. நாலு எண்ணி இழுத்தாலும் முட்டுகிறது.

என்ன கேட்டீர்கள்?

மாடியில் நின்று கீழே பார்த்தால் தோன்றும் என்று எழுதியிருந்தேனே, அது இப்போதும் தோன்றுகிறதா என்றா?

...இல்லை. ஏன் கேட்கிறீர்கள்? இப்போதுதான் வலை அடித்துவிட்டார்களே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்றுகூட ஏழு பீரியட் எடுத்தேன். தூக்கமா? பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு என்ன தூக்கம் மேடம். சாப்பாடு இறங்குகிறது. எடை குறைந்திருக்கிறேன்தான், அது பால் கொடுக்கிறதால். அழுகை வருவது எல்லோருக்கும் உள்ளதுதானே.

அது என்ன நோட்டு? எதற்கு எடுக்கிறீர்கள்? உங்கள் போன் நம்பர் எழுதித் தருகிறீர்களா. சரி. தாருங்கள். வேண்டாம், என் நம்பரை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். என் பெயரை எழுதாதீர்கள் மேடம். எழுதிவிட்டீர்களா? ரெஜிலா என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இல்லை, அடித்தால் தெரியும், அந்தத் தாளையே கிழித்துத் தந்துவிடுங்கள். தயவுசெய்து. இசக்கியண்ணன் கண்ணாடியில் பார்க்கிறார்.

நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். போன தடவையும் அப்படித்தான் சொன்னீர்கள்.

ஸ்டேஷன் வந்துவிட்டது. பையை நான் எடுக்கிறேன், கொடுங்கள். நான் இவ்வளவு நேரம் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து எனக்குப் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிடுகிறது. எது நான், எது அடுத்தவர் என்று தெரியாமல் கலந்துவிடுகிறேன். ஐயா கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அது போதும். அந்தச் சீட்டு மங்கை மிஸ்ஸுடையதுதான். அவரே ஒத்துக்கொண்டார் மேடம். கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.